எட்டு மணிச் சங்கு ஊதும் வரை

கண்ணாயிரம் தன் வாழ்நாள்ல ஒரே ஒரு பொய்தான் சொன்னார். அதையும் முனிசிபல் கவுன்சில் கூடியிருந்த ஹால்ல, சேர்மன் முன்னாடி கை கட்டி நின்னு சொன்னார். நான்தான் அதை என் கையால மினிட்ஸ் புத்தகத்துல எழுதினேன். இத்தனை வருசமா வாயைத் திறக்கலை. இப்போ பஸ்ஸெல்லாம் வேற வழியாப் போக ஆரம்பிச்சுட்டுது, சொன்னா யாருக்கும் கெடுதல் இல்லை. அதனால சொல்றேன். நடுவுல குறுக்கே பேசாம கேளுங்க. எனக்குக் கோபம் மூக்கு மேல.

என் பேர் சீனிவாசன். ஐயம்பேட்டைக்காரன். காஞ்சிபுரம் நகராட்சி ஆபீசுல கவுன்சில் செக்‌ஷன் கிளார்க்கா இருந்தேன். ஊர்ல பாதிப் பேருக்கு நகராட்சின்னா சேர்மன். மீதிப் பேருக்குக் குப்பை வண்டி. நடுவுல நாங்க இன்னா பண்றோம்னு எவனுக்கும் தெரியாது. என் மாமனாருக்கே தெரியாது. "மாப்பிள்ளை ஆபீசுல ஃபேனுக்குக் கீழ உக்காந்துக்கினு இருக்கார்"னு சொல்லிக்கினு திரிவார்.

வார்டுக்கு ஒருத்தரா ஜனங்க ஓட்டுப் போட்டு அனுப்பறாங்களே, அவங்க மெம்பர்ங்க. மெம்பர்ங்க தங்களுக்குள்ள ஒருத்தரைச் சேர்மன் ஆக்குவாங்க. எல்லாரும் கூடிப் பேசி எடுக்கற முடிவு தீர்மானம். அதை நடத்திக் காட்டறவர் கமிஷனர். அவர் சர்க்கார் அனுப்பற ஆபீசர், ஓட்டுக்கு நிக்கறவர் இல்லை. அவருக்குக் கீழ, தண்ணி, ரோடு, தெருவிளக்குன்னா இன்ஜினியர். தெருக் கூட்டறது, அம்மை குத்தறது, பொறப்பு எறப்பு எழுதறதுன்னா ஹெல்த் ஆபீசர். வீட்டு வரிக்கு ரெவின்யூ செக்‌ஷன். சரி, இதுல நான் எங்கே வரேன்? கூட்டத்துல நாலு மணி நேரம் மேசையைத் தட்டிக் கத்துவாங்க. கத்தினதையெல்லாம் நாலு வரியில நான் எழுதணும். அந்த நாலு வரி போய்ச் சேந்தாத்தான் இன்ஜினியர் எழுந்திருப்பார், மேஸ்திரி துடைப்பத்தை எடுப்பார். ஒரு வார்த்தை மாத்தி எழுதினா ஒரு தெருவே மாறிப்போயிடும். நான் ஒரு தடவை அப்படி எழுதினேன். அதுக்குத்தான் வரேன்.

கண்ணாயிரம் சங்குக்காரர். ஆபீஸ் மொட்டை மாடியில ஒரு இரும்புக் கூண்டு, அதுக்குள்ள கரண்ட் சங்கு. பக்கத்துலயே ஒரு அறை. அறையில ஒரு சுவர்க் கடிகாரம், ஒரு மரப்பெட்டி, பெட்டிக்குள்ள சுவிட்சு. விடியக்காலை அஞ்சு, காலை எட்டு, மத்தியானம் பன்னெண்டு, சாயங்காலம் அஞ்சு, ராத்திரி எட்டு. ஒரு நாளைக்கு அஞ்சு தடவை அந்த சுவிட்சை அழுத்தணும். இவ்வளவுதானான்னு கேக்காதீங்க. பதினேழு வருசம் ஒரு நிமிசம் முன்னப் பின்ன ஆகாம அழுத்திப் பாருங்க, அப்புறம் பேசலாம்.

அவர் ஓரிக்கைக்காரர். பாலாத்தங்கரையில கொஞ்சம் நெலம். அதைச் சம்சாரம் பூவம்மாள்தான் பாத்துக்கினு இருந்தாங்க. இவர் மாடி அறையிலயே படுத்துக்கினு, சங்குக்கும் சங்குக்கும் நடுவுல சைக்கிள்ல ஊருக்குப் போய்ச் சாப்பிட்டுட்டு வருவார். தினமும் காலையில டீக்கடை ரேடியோவுல செய்தி ஆரம்பிக்கற நேரம் பாத்து தன் கைக்கடிகாரத்தைச் சரி பண்ணுவார். மேல வந்து அதைப் பாத்துச் சுவர்க் கடிகாரத்தைத் திருப்புவார்.

இவர் பொண்ணு கல்யாணம் ஓரிக்கையில நடந்துது. ஏழரைக்குள்ள முகூர்த்தம். "லீவு போடுய்யா, பியூன் தேவசகாயம் ஊதிடுவார்"னு மேனேஜரே சொன்னார். "தேவசகாயம் நல்லவருங்க, ஆனா ரெண்டு நிமிசம் லேட்டாத்தான் ஊதுவாருங்க"ன்னுட்டார். தாலி ஏறினதும் அட்சதையைப் போட்டுட்டு, பட்டு வேட்டியை மடிச்சுக் கட்டிக்கினு சைக்கிள்ல ஏறினவர்தான். நாங்க பந்தியில உக்காந்து கேசரியை வாயில வச்சோம். தூரத்துல சங்கு. என் வாட்சைப் பாத்தேன், டாண்ணு எட்டு. பந்தி மொத்தமும் சிரிச்சுது. "பொண்ணோட அப்பா ஊதறார் பாருங்கப்பா"ன்னு பூவம்மாளே சொல்லிச் சிரிச்சாங்க. சிரிச்சுக்கினே முந்தானையால கண்ணைத் துடைச்சுக்கினாங்க.

அவருக்கு ஒரே ஒரு ஆசை. கவுன்சில் நடக்கற நாள்ல சேர்மனுக்கு முன்னால தபேதார் நடந்து வருவார், பாத்திருக்கீங்களா? வெள்ளைச் சட்டை, தோள்லேந்து குறுக்கே டவாலின்னு ஒரு சிவப்புப் பட்டை, நெஞ்சுல பித்தளை வில்லை. அந்த டவாலியை ஒரு நாளாவது போட்டுக்கணும். "ஊர் பூரா என் சத்தத்தைக் கேக்குது சார், ஒருத்தரும் என் மூஞ்சியைப் பாத்ததில்லை"ன்னார் ஒரு நாள். எனக்கு மனசுக்குக் கஷ்டமாப் போச்சு. நான் சொல்ல வர விசயம் நடந்தப்போ பழைய தபேதார் ரிடையர் ஆக ஒரு வருசம்தான் பாக்கி. அடுத்தது கண்ணாயிரம்தான்னு ஆபீஸ் மொத்தத்துக்கும் தெரியும்.

இப்போ தெருவுக்கு வாங்க. ஆபீசுக்கு மேற்கால ஒரு நெசவுத் தெரு. அங்க விடிஞ்சா பாவு நீட்டுவாங்க. தறியில ஏத்தறதுக்கு முன்னாடி, புடவையோட நீள இழைங்க மொத்தத்தையும் தெரு நீளத்துக்கு மூங்கில் கவையில இழுத்துக் கட்டி, கஞ்சி தெளிச்சு, இழை இழையாப் பிரிச்சு, அறுந்ததை முடிஞ்சு, காயவிடணும். வீட்டுக்குள்ள அதுக்கு எடம் ஏது? தெருதான் எடம். வெயில் சுள்ளுன்னு ஏறக் கூடாது, காத்து அடிக்கக் கூடாது, அதனால விடியக்காலையிலதான் செய்யணும். ஏழெட்டுப் பேர் கை வேணும். இன்னைக்கு என் பாவுக்கு நீ வா, நாளைக்கு உன் பாவுக்கு நான் வரேன்னு ஒரு ஏற்பாடு.

எழுபதாம் வருசம் பெரிய தெருவுல சாக்கடை தோண்டினாங்க. பஸ்ஸை இந்தத் தெரு வழியாத் திருப்பி விட்டாங்க. வேலை முடிஞ்சு பள்ளத்தை மூடினப்புறமும் பஸ் பழைய வழிக்குப் போகலை, ஸ்டாப் பக்கமா இருக்குதுன்னு ஜனங்களே கேட்டுக்கினாங்க. பஸ்ஸும் பாவும் ஒரே தெருவுல எப்படி? ஒரு நாள் பஸ் ஒரு பாவை இழுத்துக்கினே போயிடுச்சு. தெருவே டிரைவர் சட்டையைப் பிடிச்சுட்டுது. விசயம் கவுன்சிலுக்கு வந்துது.

கவுன்சில்ல ரெண்டு பேர். பஸ் வேணும்னு நின்னவர் தர்மன், பக்கத்து வார்டு மெம்பர். கெட்ட மனுசன் இல்லை, ஆனா பிடிச்சா விடமாட்டார். பாவு வேணும்னு நின்னவர் கலியாணசுந்தரம், அந்தத் தெருவோட மெம்பர், அவரே தறிக்காரர். "தெருன்னா வண்டி போறதுக்கு"ன்னார் தர்மன். "இந்த ஊர்ல தெருவை அகலமா விட்டதே பாவுக்குத்தான்யா, உன் பஸ்ஸுக்கு இல்லை"ன்னு கலியாணசுந்தரம் எகிறினார். மூணு மணி நேரம். என் காது ரெண்டும் கொய்ங்னு ஆயிடுச்சு. கடைசியில சேர்மன் நடுவுல புகுந்து, காலையில எட்டு வரைக்கும் பாவு, அப்புறம் பஸ்னு முடிச்சு வச்சார்.

நான் எழுதினேன்: "பட்டுப் பாவுகளை விடியற்காலை முதல் எட்டு மணிச் சங்கு ஊதும் வரை தெருவில் நீட்டிக்கொள்ளலாம் எனவும், அதுவரை வாகனம் எதுவும் அத்தெருவில் நுழையலாகாது எனவும் ஒருமனதாகத் தீர்மானிக்கப்பட்டது."

எட்டு மணி வரைன்னு எழுதியிருக்கணும். ஏன் எழுதலை? இந்த ஊர்ல எவனும் எட்டு மணின்னு சொல்றதில்லையே! எட்டு மணி சங்குன்னுதான் சொல்லுவான். என் அம்மா அப்படித்தான் சொல்லும், என் பொண்டாட்டி அப்படித்தான் சொல்லுவா, என் பேனாவும் அப்படியே சொல்லிட்டுது. கூட்டத்துல படிச்சேன், எல்லாரும் தலையை ஆட்டினாங்க, கமிஷனர் கையெழுத்துப் போட்டார். ஒருத்தர் கண்ணுலயும் படலை.

ஒருத்தர் கண்ணுல பட்டுது. தீர்மானத்தோட காப்பி சங்குக்காரருக்கும் ஒண்ணு போகணும்னு மாடிக்கு எடுத்துக்கினு போனேன். கண்ணாயிரத்துக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். என்னைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். இன்னொரு தடவை படிக்கச் சொன்னார்.

"அப்போ நான் ஊதற வரைக்குமா சார்?"

"ஆமாய்யா, நீ ஊதற வரைக்கும். ஆளை விடு, எனக்கு வேலை இருக்குது"ன்னு எரிஞ்சு விழுந்துட்டு இறங்கிட்டேன். அந்தக் காகிதத்தை அவர் சுவிட்சுப் பெட்டிக் கதவுக்கு உள்பக்கமா ஒட்டி வச்சார். அதுக்கப்புறம் அவர் கெடுபிடி இன்னும் ஜாஸ்தியாயிடுச்சு. ஒரு நிமிசம் முன்னாடி ஊதினா தெருக்காரன் நேரத்தைத் திருடின மாதிரி, பின்னாடி ஊதினா பஸ்காரன் நேரத்தைத் திருடின மாதிரின்னு சொல்லுவார்.

ரெண்டு வருசம் ஓடிப் போச்சு. அது ஒரு மார்கழி. அன்னைக்கு விடியக்காலையில பனின்னா அப்படி ஒரு பனி, எதிர் வீடு தெரியலை. தெருவுல யாரும் பாவு நீட்டலை, கிருஷ்ணம்மாளைத் தவிர.

கிருஷ்ணம்மாளோட புருசன் கந்தன் அந்த வருசம் ஆடி மாசம் காய்ச்சல்ல போய்ட்டார். ரெண்டு சின்னக் குழந்தைங்க. பட்டு கொடுக்கற நெசவாளர் சொசைட்டியில போய் நின்னு, என் பேர்லயே பட்டு கொடுங்க, நானே பாவு போட்டு நானே நெய்யறேன்னு கேட்டுச்சு அந்தப் பொண்ணு. "பொம்பளை தனியா பாவு போட்டுக் கிழிச்சிடப் போறாளா"ன்னு பேசினவங்க உண்டு. நாலு மாசம் நடையா நடந்தப்புறம் ஒரு பாவுக்குப் பட்டு கொடுத்தாங்க. இதை ஒழுங்காக் கொண்டு வந்தா அடுத்தது தருவோம், கெடுத்தா இதோட சரின்னு மூஞ்சிக்கு நேரா சொல்லியே கொடுத்தாங்க. பக்கத்து வீட்டுக்காரங்க எட்டுப் பேர் அன்னைக்குத்தான் கை கொடுக்கறோம்னு சொல்லியிருந்தாங்க. மறுநாள்லேந்து அவங்க மொத்தமும் ஒரு கல்யாணத்துக்கு வெளியூர். பனி விலகிடும்னு நம்பி அந்தப் பொண்ணு அஞ்சு மணி சங்குக்கே பாவை நீட்டிடுச்சு.

பனி விலகலை. ஏழரை ஆச்சு, பாவு சொதசொதன்னு இருக்குது. ஈரக் கஞ்சியோட சுருட்டினா இழையெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். அப்புறம் அது பாவு இல்லை, கயிறு. ரெண்டு பேர் முறத்தால விசிறிக்கினு இருக்காங்க. கண்ணாயிரம் டீ குடிச்சுட்டு அந்த வழியா சைக்கிளைத் தள்ளிக்கினு வரார். கிருஷ்ணம்மாள் அழலை, கெஞ்சலை. இழையிலேந்து கண்ணை எடுக்காமலே ஒண்ணே ஒண்ணு கேட்டுச்சு.

"அண்ணா, மணி இன்னா ஆவுது?"

கண்ணாயிரம் தன் வாட்சைப் பாத்தார். பாவைப் பாத்தார். "சங்கு ஊதினாத்தாம்மா எட்டு"ன்னுட்டுப் போய்ட்டார்.

நான் தினமும் வீட்டை விட்டுக் கிளம்பி ஆபீஸ் கேட்டுல கால் வைக்கறப்போ சங்கு ஊதும். அன்னைக்குக் கேட்டைத் தாண்டிட்டேன், சங்கு இல்லை. வாட்சைக் காதுல வச்சுப் பாத்தேன், ஓடுது. எட்டு ரெண்டு. மனுசன் மாடியில செத்துக் கித்துப் போய்ட்டாரான்னு படியில ரெண்டு ரெண்டா ஏறினேன்.

செத்துப் போகலை. சுவிட்சுப் பெட்டியைத் திறந்து வச்சுக்கினு, கைப்பிடிச் சுவரோரம் நின்னு தெருவைப் பாத்துக்கினு இருக்கார்.

"யோவ்! இன்னாய்யா பண்ற? மணி எட்டு அஞ்சு!"

"தெரியும் சார்."

"தெரியுமா? பைத்தியம் பிடிச்சுப் போச்சா உனக்கு?"

"தீர்மானத்துல இன்னா சார் எழுதியிருக்குது?"ன்னார். பெட்டிக் கதவைக் காட்டினார். என் வரி. என் சொந்த வரி என்னைப் பாத்துச் சிரிக்குது. எட்டு மணிச் சங்கு ஊதும் வரை.

"வேணும்னா நீங்க அழுத்துங்க சார். நான் தடுக்க மாட்டேன்"னு ஒதுங்கி நின்னார்.

சுவிட்சு ரெண்டடி தூரம். நான் அழுத்தியிருக்கலாம். அதுக்கு முன்னாடி ஒரு தரம் எட்டிப் பாத்தேன், அதுதான் நான் பண்ணின தப்பு. இல்லை, தப்பில்லை, இப்போ நெனச்சாலும் தப்பில்லை. தெரு முனையில பஸ் நிக்குது. டிரைவர் கீழ இறங்கி பீடி குடிச்சுக்கினு இருக்கார், சங்கு ஊதலையேன்னு அவர் பாட்டுக்கு. பனி அப்போதான் கிழிஞ்சு, மஞ்சளா ஒரு வெயில் தெரு மேல விழுது. நடுவுல அரக்கு நெறத்துல அந்தப் பாவு. ஒரு பொண்ணு குனிஞ்சபடி இழை இழையாக் கையை ஓட்டிக்கினே போகுது.

"ஈரம்னா கறுத்துத் தெரியும் சார். காஞ்சுதுன்னா மினுக்கும். அந்தக் கோடி இன்னும் காயலை"ன்னார் கண்ணாயிரம். பதினேழு வருசமா மேலேந்து பாத்தே பாவு கத்துக்கினு இருக்கார் மனுசன்!

ரெண்டு பேரும் நின்னோம். எட்டு பதினேழுக்கு அவங்க பாவைச் சுருட்டித் தூக்கினாங்க. கண்ணாயிரம் உள்ள போய் அழுத்தினார். எப்பவும் ஊதற அதே ஒரு நிமிசம், ஒரு விநாடி கூடக் குறைக்கலை.

ஊர் அல்லோலகல்லோலப்பட்டுப் போச்சு. சங்கைக் கேட்டுக் கிளம்பற பிள்ளைங்க பள்ளிக்கூடத்துக்கு லேட்டு. ஹெட்மாஸ்டருங்களும் லேட்டு, அதனால யாரையும் பெஞ்சு மேல ஏத்த முடியலை. ஆனா செங்கல்பட்டு ரயில் நம்ம சங்கைக் கேட்டு ஓடறதில்லை, அது பாட்டுக்குப் போய்டுச்சு. அதை விட்டவங்க பதினோரு பேர். அதுல ஒருத்தர் யாருன்னு நெனைக்கறீங்க? தர்மன்! கோர்ட்டுல ஒரு கேசுக்குப் போக வேண்டியவர். அவர் வீட்டுக் கடிகாரம் எட்டுன்னு காட்டியிருக்குது. சங்கு ஊதலை. கடிகாரம்தான் தப்புன்னு முள்ளைப் பின்னால திருப்பி வச்சுட்டு, நிதானமாத் தோசை சாப்பிட்டிருக்கார். கண்ணாயிரத்தோட சங்கு மேல அவ்வளவு நம்பிக்கை அவருக்கு. அந்தக் கோபம் எப்படி இருக்கும்னு நீங்களே பாத்துக்குங்க.

அன்னைக்குச் சாயங்காலம், ஊதற நேரத்தைக் குறிக்கற சங்குப் புத்தகத்துல, லேட்டானதுக்குக் காரணம் எழுதணும். "கரண்ட் இல்லைன்னு எழுதித் தொலைய்யா"ன்னேன்.

"கரண்ட் இருந்துது சார். அப்படி எழுதினா வயர்மேன் தாவீது தலையில விழும்."

"அப்போ உள்ளதை எழுது. தீர்மானம் உன் பக்கம் இருக்குது. கவுன்சில்ல நானே எடுத்துப் படிக்கறேன். உன் மேல ஒரு துரும்பு விழாது."

அவர் என்னைப் பாத்த பார்வை இருக்குதே! பாவம் இவனுக்கு விவரம் பத்தலைன்னு பாத்தார். "படிச்சீங்கன்னா நான் தப்பிச்சுடுவேன் சார். மறு கூட்டத்துலயே அந்த வார்த்தையை எடுத்துட்டு எட்டு மணி வரைன்னு மாத்திடுவாங்க. அடுத்த வருசமும் மார்கழி வருமில்ல? அந்தத் தெருவுல இன்னும் எத்தனையோ பாவு இருக்குதே. அது அப்படியே இருக்கட்டும் சார், யார் கண்ணுலயும் படாம."

சொல்லிட்டு, எழுத்துக் கூட்டி, நாக்கைக் கடிச்சுக்கினு, எழுதினார்: தூங்கிவிட்டேன். 8-17.

என்னால தாங்க முடியலை. "உனக்கு டவாலி வேணாமாய்யா?"ன்னு கத்தினேன். அவர் பேனாவை மூடி என் பையில சொருகினார்.

அப்புறம் மெமோ கிளம்புச்சு. இது எந்த செக்‌ஷன் தப்புன்னு ஒரு வாரம் நடந்துது பாருங்க ஒரு கூத்து! கரண்ட் எங்களுது, ஆள் எங்களுது இல்லைன்னார் இன்ஜினியர். ஆள் நம்மாள், சங்கு இன்ஜினியருதுன்னார் மேனேஜர். நேரம் யாருதுன்னு கமிஷனர் கேட்டார், யாருக்கும் தெரியலை. கடைசியில மெமோ மாடிக்கே வந்துது, கண்ணாயிரம் கையெழுத்துப் போட்டு வாங்கினார். தர்மன் விடலை, விசயத்தைக் கவுன்சிலுக்கே கொண்டு வந்துட்டார். ஆளை வேலையை விட்டே அனுப்பணும்னு ஒத்தைக் கால்ல நின்னார்.

கூட்டம். கண்ணாயிரத்தைக் கூப்பிட்டாங்க. காக்கிச் சட்டையைத் துவைச்சுப் போட்டுக்கினு வந்து நின்னார். பதினேழு வருசத்துல மெம்பர்ங்க அத்தனை பேரும் அவர் மூஞ்சியைப் பாத்தது அன்னைக்குத்தான்.

"தூங்கிட்டியாப்பா?"ன்னார் சேர்மன்.

"தூங்கிட்டேனுங்க."

கலியாணசுந்தரத்துக்கு உண்மை தெரியும், அவர் தெருவாச்சே. பொறுக்க முடியாம பாதி எழுந்திருச்சார். கண்ணாயிரம் லேசாத் தலையை அசைச்சார். அவர் அப்படியே உக்காந்துட்டார்.

தர்மன் லேசுப்பட்டவர் இல்லை. "தலைவர் அவர்களே, தூங்கினவன் எட்டு பதினேழுக்குக் கரெக்டா எப்படி முழிச்சான்? அந்தத் தெருவுல பாவு எடுத்த நிமிசம் ஊதியிருக்கான்! அந்தப் பாவுத் தீர்மானத்தைக் கொண்டு வாங்க. அதுல இன்னா இருக்குதுன்னு படிக்கச் சொல்லுங்க!"

ஃபைல் என் மடியில. எல்லாரும் என்னைப் பாக்கறாங்க. கண்ணாயிரம் மட்டும் தரையைப் பாக்கறார். அந்த ஆளைக் காப்பாத்தற வரி என் கையில இருக்குது, நான் படிச்சா அவருக்கு டவாலி. எழுந்தேன்.

"பட்டுப் பாவுகளை... விடியற்காலை முதல்... எட்டு மணி..."

இருமினேன். கண்ணுல தண்ணி வர வரைக்கும் இருமினேன். தேவசகாயம் ஓடிப் போய்த் தண்ணி கொண்டாந்தார். குடிச்சேன். திரும்ப இருமினேன்.

"சரி சரி, எட்டு மணி. போதும், உக்காருங்க"ன்னார் சேர்மன். "எட்டு மணின்னு தெளிவா இருக்குது. இவன் தூங்கினதுக்கும் அதுக்கும் இன்னாய்யா சம்பந்தம்?"

ஃபைலை மூடினேன். கமிஷனர், பதினேழு வருசத்துல முதல் தப்புன்னு சொல்லி, வேலை போகாம பாத்துக்கினார். ஆனா சர்வீஸ் புத்தகத்துல எழுதினாங்க: பணி நேரத்தில் தூங்கினார். தூங்கினவனுக்குத் தபேதார் பதவி கொடுக்க முடியுமா? அடுத்த வருசம் டவாலி வேற ஆளுக்குப் போச்சு.

கூட்டம் முடிஞ்சு படியில இறங்கறப்போ தர்மன் என் தோள்ல கை வச்சார். "இருமல் பலமா இருக்குதே சீனிவாசன், மிளகு ரசம் வச்சுச் சாப்பிடுங்க"ன்னார். சிரிச்சாரா, முறைச்சாரான்னு இன்னைக்கும் எனக்குத் தெரியாது. ஆனா அதுக்கப்புறம் அந்த ஃபைலை அவர் கேக்கவே இல்லை.

கிருஷ்ணம்மாள் அந்தப் பாவுல மூணு புடவை நெய்து கொடுத்துச்சு. சொசைட்டியில வாயை மூடிக்கினு அடுத்த பாவுக்குப் பட்டு கொடுத்தாங்க. அப்புறம் அடுத்தது. எழுபத்தஞ்சுல பழைய தீர்மானங்களையெல்லாம் புதுசா டைப் அடிக்கச் சொன்னாங்க. டைப்பிஸ்ட்டு ரொம்பப் புத்திசாலி, எட்டு மணி வரைன்னு திருத்தி அடிச்சுக் கொண்டாந்தார். நான் பேனாவால அடிச்சு, எட்டு மணிச் சங்கு ஊதும் வரைன்னு திரும்ப எழுதினேன். "இதுல இன்னா சார் வித்தியாசம்?"னு கேட்டார். "நான் எழுதினதை எழுதுய்யா!"ன்னு ஒரு சத்தம் போட்டேன். பயந்து போய் அடிச்சுக் கொடுத்துட்டார்.

எழுபத்தேழுல கண்ணாயிரம் ரிடையர் ஆனார். அப்போ கவுன்சில் இல்லை, கலைச்சு ஸ்பெஷல் ஆபீசர் போட்டிருந்தாங்க. அவர் ஊருக்குப் புதுசு, நல்ல மனுசன். கடைநிலை ஊழியருக்கு வழியனுப்பு விழான்னா வழக்கமா பத்துப் பேர் வருவாங்க, ஒரு மாலை, ஒரு காப்பி, முடிஞ்சுது. அன்னைக்கு ஹால்ல நிக்க எடம் இல்லை. அந்த நெசவுத் தெரு மொத்தமும் தறியை நிறுத்திட்டு வந்து உக்காந்திருக்குது. பூவம்மாள் ஒண்ணும் புரியாம முழிக்கறாங்க.

நான் சர்வீஸ் புத்தகத்தைப் படிச்சேன். இருபத்திரெண்டு வருசம். படிக்கறதுக்கு அதுல ஒண்ணும் இல்லை, அந்த ஒரு வரியைத் தவிர. அதையும் படிக்கணும், விதி. படிச்சேன்.

ஸ்பெஷல் ஆபீசர் நிமிந்து பாத்தார். "இருபத்திரெண்டு வருசம் ஒரு நிமிசம் தவறாதவர், அந்த ஒரு நாள் மட்டும் எப்படித் தூங்கினார்?"னு கேட்டார். குத்தம் சொல்லக் கேக்கலை, நெசமாவே தெரிஞ்சுக்கக் கேட்டார்.

ஒருத்தரும் வாயைத் திறக்கலை. அத்தனை பேருக்கும் தெரியும். சொன்னா அந்த வார்த்தை போய்டும்னும் தெரியும். அஞ்சு வருசமா ஒரு தெருவே பல்லைக் கடிச்சுக்கினு காப்பாத்தின விசயம். நான் மேசையைப் பாத்துக்கினு நிக்கறேன்.

பின்னால கிருஷ்ணம்மாள் எழுந்து நின்னுச்சு. சொல்லிடப் போகுதுன்னே நெனச்சேன்.

"மனுசன்தானேய்யா"ன்னுச்சு. "ஒரு நாள் தூங்கிட மாட்டாரா?"

முந்தானையை வாயில வச்சு அழுத்திக்கினு நின்னுச்சு. தெருக்காரங்க ஒவ்வொருத்தரா எழுந்து நின்னாங்க.

கண்ணாயிரம் மாலையோட திரும்பி அந்தப் பொண்ணைப் பாத்தார்.

"ஆமாம்மா"ன்னார். "அன்னைக்கு நல்ல தூக்கம்."